தோல்விக் கணக்குக்குள் மறைந்திருக்கும் நல்ல குத்துச்சண்டை வீரர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

38 வெற்றி, 34 தோல்வி. இந்தக் கணக்கு வச்சிருக்கிற ஆளை ஏன் நல்ல வீரன் எண்டு சொல்லுறீங்கள்?

இது இமானுவேல் ஒகஸ்ரஸின் கணக்கு. 38 வெற்றி, 34 தோல்வி, 6 சமநிலை. எண்ணை மட்டும் பார்த்தால் பாதிக்குப் பாதி தோற்ற ஆள். ஆனால் 2000 ஒக்ரோபர் 21இல் டெட்ரொயிட்டில் இவரோடு மோதிய ஃபுளோய்ட் மேவெதர், தனக்கு எதிராக நின்றவர்களில் மிகக் கடினமானவர் இவர்தான் என்று பிற்காலத்தில் சொன்னார். 50 போட்டியில் 50 வென்றவர் சொன்ன வார்த்தை அது. அந்தப் போட்டியை ஒகஸ்ரஸின் மூலையில் நின்ற அவருடைய பயிற்சி ஆட்களே 9ஆம் சுற்றில் நிறுத்தினார்கள். ஆகவே கணக்கில் அது இன்னொரு தோல்வி, அவ்வளவுதான்.

காணொளியைப் பாருங்கள். கையைத் தொங்கப்போட்டு, நூலில் ஆடும் பொம்மை மாதிரிக் காலை எறிந்து நடப்பார். கோமாளித்தனம் என்றுதான் முதலில் தோன்றும். இரண்டு சுற்றுப் போனதும் விளங்கும்: தோளை ஆட்டுவது எதிராளியைக் குத்த வைப்பதற்கு, குத்து வரும்போது தலை அந்த இடத்தில் இராது, பதில் குத்து வயிற்றுக்கு ஏற்கெனவே புறப்பட்டிருக்கும். இந்த ஆட்டம் பார்வையாளருக்குப் பிடிக்கும், நடுவர்களுக்குப் பிடிக்காது. நெருக்கமான சுற்றுகள் எதிர்ப்பக்கம் போனதற்கு அதுவும் ஒரு காரணம். மற்றக் காரணங்கள் கடைசி நேர அழைப்பும் எதிராளியின் ஊரும்.

தேடும்போது ஒரு சிக்கல் வரும். 2001 வரையான போட்டிகளில் அவர் பெயர் இமானுவேல் பேர்ட்டன். 2001 யூலையில் மிக்கி வோர்ட்டுடன் அவர் மோதிய பத்துச் சுற்றுப் போட்டி, அந்த ஆண்டின் சிறந்த போட்டியாக ரிங் சஞ்சிகையால் தெரிவானது. அதிலும் தோல்வி. இரண்டு பெயரிலும் தேடினால்தான் முழுக்கக் கிடைக்கும்.

தோல்வி தோல்விதானே? கிரிக்கெட்டில சராசரி பார்த்து ஆளை அளக்கிற மாதிரி இதையும் அளக்க ஏலாதோ?

ஏலாது. கிரிக்கெட்டில் அட்டவணை இருக்கிறது. லீக் தொடரில் எல்லா அணியும் எல்லா அணியோடும் ஆடும், யாரோடு ஆடுவது என்பதை அணி தெரிவு செய்வதில்லை. தொழில்முறைக் குத்துச்சண்டையில் அட்டவணை கிடையாது. ஒவ்வொரு போட்டியும் தனி வியாபாரம். யாரோடு, எந்த நிறையில், எந்த ஊரில், எத்தனை சுற்று, எத்தனை நாள் அவகாசம் என்று எல்லாம் பேசித் தீர்க்கப்படுகிறது. பேசும் மேசையில் பலம் உள்ளவனுக்குச் சாதகமாகத்தான் அது முடியும்.

பிரித்தானியாவின் சிறிய மண்டபப் போட்டிகளைப் பார்த்தால் இது அப்பட்டமாகத் தெரியும். உள்ளூர்ப் பெடியன் தன் சொந்தக்காரருக்கும் சிநேகிதருக்கும் ரிக்கெற் விற்கிறான். அந்தப் பணத்தில்தான் நிகழ்ச்சியே நடக்கிறது. அவன் தோற்றால் அடுத்த முறை ரிக்கெற் போகாது. ஆகவே அவனுக்கு எதிராக, பாதுகாப்பாக ஆடத் தெரிந்த, அதேவேளை பெரிய ஆபத்து இல்லாத ஒருவரைச் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறார்கள். இவரைத்தான் ஜேர்னிமன் என்கிறார்கள். பட்டப் போட்டி அல்லாத இத்தகைய போட்டிகளுக்கு அங்கே மூன்று நடுவர்கள் இல்லை, ரிங்குக்குள் நிற்கும் மத்தியஸ்தர் ஒருவரே புள்ளி போடுகிறார். மண்டபம் முழுக்க ஒரே பக்கம் கத்தும்போது அந்த ஒருவரின் கை எந்தப் பக்கம் உயரும் என்பது ஊகிக்க முடியாத விடயம் அல்ல.

பேர்மிங்காமைச் சேர்ந்த பீற்றர் பக்லி இதற்குப் பெயர் போனவர். 300 போட்டி: 32 வெற்றி, 256 தோல்வி, 12 சமநிலை. பின்னாளில் உலகச் சம்பியனான நசீம் ஹமீட்டோடும் மோதியிருக்கிறார். இவருடைய வேலை வெல்வது அல்ல, நாலு சுற்றோ ஆறு சுற்றோ இளம் வீரனுக்குப் பாடம் எடுத்துவிட்டு, வெட்டுக்காயம் இல்லாமல் வீட்டுக்குப் போய், அடுத்த கிழமை இன்னொரு ஊரில் ஏறுவது. நொக்கவுட் ஆனால் கட்டாய ஓய்வு, ஓய்வென்றால் வருமானம் இல்லை. அதனால் இவர்களுடைய தற்காப்பு பல சம்பியன்களுடையதைவிட நேர்த்தியாக இருக்கும். பக்லியை உலகத்தரம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் 256 என்ற எண் காட்டுவதைவிட மிக நல்ல தொழில்காரன்.

அப்ப ஒரு ஆளின்ர கணக்கை எப்பிடி வாசிக்கிறது?

வீரர்களின் போட்டிக் கணக்குகளைத் தொகுத்து வைத்திருக்கும் பொக்ஸ்ரெக் தளத்தில் இலவசமாகப் பதிந்து, வீரரின் பக்கத்தைத் திறந்து, கீழிருந்து மேலே வாருங்கள். பழையது கீழே, புதியது மேலே. மேலிருந்து வாசிப்பவர்கள் முதுமைக்காலத் தோல்விகளை முதலில் பார்த்து மனதில் ஒரு முடிவைக் கட்டிவிடுகிறார்கள்.

ஒவ்வொரு தோல்வியிலும் முதலில் பார்க்க வேண்டியது எதிராளியின் அன்றைய கணக்கு. இன்றைய கணக்கு அல்ல. 20 வெற்றி, தோல்வி இல்லை என்ற ஆளிடம் புள்ளியில் தோற்பதும், 5 வெற்றி, 19 தோல்வி என்ற ஆளிடம் தோற்பதும் பட்டியலில் ஒரே சிவப்புப் பெட்டிதான். எதிராளியின் பெயருக்குப் பக்கத்தில் அவருடைய கடைசி ஆறு போட்டிகள் சிறு நிறக் கட்டங்களாக இருக்கும்: பச்சை வெற்றி, சிவப்பு தோல்வி, நீலம் சமநிலை. அதையும் பாருங்கள். அடுத்தது இடம். போட்டி நடந்த ஊர் எதிராளியின் சொந்த ஊரா? பிறகு திகதி. முந்தைய போட்டிக்கும் இதற்கும் இடையில் இரண்டு மூன்று கிழமைதான் என்றால் முழுப் பயிற்சி நடந்திருக்காது, யாரோ விலகிய இடத்துக்கு ஓடி வந்திருப்பார். ஒரு பட்டப் போட்டிக்கு எட்டுக் கிழமையாவது ஆயத்தம் வேண்டும்.

கிளென் ஜோன்சனை எடுத்துப் பாருங்கள். யமேக்காவில் பிறந்து மயாமியில் இருந்தவர். முதல் 32 போட்டியும் வெற்றி. 1997இல் அன்றைய உலகச் சம்பியன் பேர்னார்ட் ஹொப்கின்ஸிடம் 11ஆம் சுற்றில் முதல் தோல்வி. அதற்குப் பின் சில ஆண்டுகள் கணக்கில் சிவப்பு மொய்க்கிறது. யார், எங்கே என்று பாருங்கள்: ஜேர்மனியில் வைத்து ஸ்வென் ஒற்கே, இத்தாலியில் வைத்து சில்வியோ பிராங்கோ. சூட்கேசோடு எதிராளியின் வாசலுக்குப் போய்ப் புள்ளியில் தோற்றிருக்கிறார். 2003 நவம்பரில் ஷெஃபீல்டில் கிளின்ரன் வூட்ஸுடன் சமநிலை, மூன்று மாதம் கழித்து அதே ஊரில் அதே வூட்ஸை வென்று உலகப் பட்டம். 2004 செப்ரெம்பரில் மெம்பிஸில், அந்தக் காலத்தின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவரான றோய் ஜோன்ஸை 9ஆம் சுற்றில் விழுத்தினார். ஜோன்ஸ் எழும்ப நிமிடக் கணக்கில் ஆனது. டிசெம்பரில் அன்ரோனியோ ராவரையும் வென்றார். அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். கடைசிக் கணக்கு 54 வெற்றி, 21 தோல்வி, 2 சமநிலை. 2004இல் அவருடைய தோல்வி எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்கள் ஜோன்ஸ் இலகுவாக வெல்வார் என்று நினைத்திருப்பார்கள்.

யூடி, எஸ்டி எண்டு போட்டிருக்கு. விளக்கம்?

யூடி: மூன்று நடுவரும் ஒருவருக்கே. எஸ்டி: இருவர் ஒருபக்கம், ஒருவர் மறுபக்கம். எம்டி: இருவர் ஒருவருக்கு, மூன்றாமவர் சமநிலை. பிடிஎஸ்: மத்தியஸ்தரின் தனிப் புள்ளி. டிகேஓ: மத்தியஸ்தர் நிறுத்தியது. ஆர்டிடி: சுற்றுக்கு இடையில் மூலையில் இருந்து எழும்பவில்லை.

எழுத்தைவிடப் புள்ளி முக்கியம். 12 சுற்றுப் போட்டியில் ஒருவரும் விழவில்லை என்றால் 116-112 என்பது எட்டுக்கு நாலு சுற்று, 115-113 என்பது ஏழுக்கு ஐந்து. இந்த ஏழுக்கு ஐந்தில் ஒரே ஒரு சுற்றுக் கைமாறியிருந்தால் 114-114, சமநிலை. பத்துச் சுற்றில் 96-94 என்பதும் இதே ரகம். தோல்விகளில் பாதி இந்த ரகமாக இருக்கும் வீரரின் கணக்கை அப்படியே நம்பக்கூடாது. அதுவும் எதிராளியின் ஊரில் நடந்திருந்தால் சொல்லத் தேவையில்லை.

நிறை எப்பிடிக் கணக்கைக் கெடுக்குது?

நிறை அளப்பது போட்டிக்கு முதல் நாள். அளந்த பிறகு தண்ணீர் குடித்து, சாப்பிட்டு, ரிங்குக்குள் ஏறும்போது உடம்பு வேறு உடம்பு.

2014 மார்ச் 1ஆம் திகதி சான் அன்ரோனியோவில் ஒர்லாண்டோ சலிடோ, வாசில் லோமசெங்கோ போட்டி. எல்லை 126 இறாத்தல், 57.2 கிலோ. சலிடோ 128¼இல் நின்றார், தராசிலேயே பட்டத்தை இழந்தார். மறுநாள் ரிங்கில் அவர் 147 இறாத்தல், லோமசெங்கோ 136. கிட்டத்தட்ட 5 கிலோ வித்தியாசம். நடுவர்கள் 116-112, 115-113 என்று சலிடோவுக்கும், மூன்றாமவர் 115-113 என்று லோமசெங்கோவுக்கும் கொடுத்தார்கள். அமெச்சூரில் 396 வென்று 1 தோற்ற, இரண்டு ஒலிம்பிக் தங்கம் எடுத்த ஆளுக்குத் தன் இரண்டாவது தொழில்முறைப் போட்டியிலேயே தோல்வி எழுதப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், சலிடோவுடைய கணக்கும் அவரைக் குறைத்துத்தான் காட்டுகிறது. 44 வெற்றி, 14 தோல்வி, 4 சமநிலை. 1996இல் 15 வயதில் தொழில்முறைக்கு வந்தவர். தோல்விகளில் பல அவர் பொடியனாக இருந்தபோது வந்தவை. வளர்ந்த பிறகு, அதுவரை தோற்காத ஹுவான் மனுவேல் லோப்பஸை 2011இல் அவருடைய சொந்த மண்ணான புவேர்ட்டோ ரிக்கோவில் வைத்து நிறுத்தினார். அடுத்த ஆண்டு மறுபடி நிறுத்தினார்.

ஆரம்பத்தில தோற்றதும் கடைசியில தோற்றதும் ஒண்டோ?

இரண்டையும் கழித்துவிட்டு நடுவைப் பாருங்கள். ஃபிரெடி பெண்டில்ரன் பயிற்சியாளர் வசதியோ நல்ல முகாமையோ இல்லாமல் தொடங்கி, தொடக்க ஆண்டுகளில் தோல்வி மேல் தோல்வி வாங்கினார். 1986இல் மேவெதரின் சித்தப்பா றொஜர் மேவெதரை ஆறாம் சுற்றில் நொக்கவுட் செய்தார். 1993இல் ஐபிஎஃப் என்ற உலக அமைப்பின் லைட்வெயிட் நிறைச் சம்பியன். முழுக் கணக்கில் தோல்வி 26.

மறு அந்தம், ஹெவிவெயிட் உலகச் சம்பியனாக இருந்த எஸ்ஸார்ட் சார்ள்ஸ். 25 தோல்வி. அதில் பாதிக்கு மேல் 1953க்குப் பிறகு வந்தவை. உடம்பை முடக்கிய நரம்பு நோய் பின்னர்தான் கண்டறியப்பட்டது. அவருடைய நல்ல காலத்து லைட் ஹெவிவெயிட் ஆட்டத்துக்கு மேல் ஒன்று இல்லை என்று வாதிடுபவர்கள் நிறைய. நாங்களும் அந்தக் கட்சிதான்.

பழைய காலத்து ஆக்களின்ர கணக்கில ஏன் இவ்வளவு தோல்வி?

மாதத்துக்கு ஒன்று இரண்டு போட்டி, சில வேளை கிழமைக்கு ஒன்று. காயம் ஆற நேரமில்லை. அதைவிட முக்கியமானது நிறத்தடை. 1940களில் சார்லி பேர்லி, ஹோல்மன் வில்லியம்ஸ், லொயிட் மார்ஷல், எடி புக்கர் போன்ற கறுப்பினத்தவர்களுக்கு உலகப் பட்டத்துக்கு ஆடச் சந்தர்ப்பமே கொடுக்கவில்லை. சம்பியன்கள் ஒதுங்கிப் போனார்கள். வயிற்றுப்பாட்டுக்கு இவர்கள் ஒருவரோடு ஒருவர் திரும்பத் திரும்ப மோதினார்கள். பேர்லியும் வில்லியம்ஸும் மட்டும் ஏழு தடவை: ஆளுக்கு மூன்று வெற்றி, ஒன்று முடிவில்லாமல் போனது. மிகச் சிறந்த இருவர் ஒருவருக்கொருவர் தோல்வியைப் பங்குபோட்டுக் கொண்டதுதான் அந்தக் கணக்கு. 1944இல் பேர்லி புள்ளியில் வென்ற ஆர்ச்சி மூர் பின்னாளில் உலகச் சம்பியன்.

ஜேர்சி ஜோ வோல்கொட்டையும் சேர்க்கலாம். 1947 டிசெம்பர் 5இல் அன்றைய ஹெவிவெயிட் உலகச் சம்பியன் ஜோ லூயிஸை இரண்டு தடவை விழுத்தியும், மத்தியஸ்தர் வோல்கொட்டுக்குப் புள்ளி போட்டும், மற்ற இரண்டு நடுவர்களும் லூயிஸுக்குக் கொடுத்தார்கள். 1951இல் ஐந்தாவது முயற்சியில், 37 வயதில், சார்ள்ஸை ஏழாம் சுற்றில் ஒரே இடக்கைக் குத்தில் விழுத்தித்தான் பட்டம் கிடைத்தது.

ஒரு கணக்கில உடன பார்க்க வேண்டிய ஒரே ஒரு எண் எது?

எத்தனை தோல்வி என்பதை விட்டுவிட்டு, எத்தனை தடவை நிறுத்தப்பட்டார் என்று பாருங்கள். சவுல் மம்பி 34 தடவை தோற்றவர், ஆனால் நிறுத்தப்பட்டது ஒரே ஒரு தடவை. அன்றைய லைட்வெயிட் உலகச் சம்பியன் ரொபேர்ட்டோ டுரானோடு 1976இல் பத்துச் சுற்றும் நின்றார். 1980இல் சியோலுக்குப் போய் கிம் சாங் ஹியூனை 14ஆம் சுற்றில் நொக்கவுட் செய்து டபிள்யூபிசி உலகப் பட்டம் எடுத்தார். 60 வயதிலும் ஒரு போட்டி ஆடினார், அது தேவையில்லாத வேலை. தாடை கெட்டியாக இருந்தால் மட்டும் இப்படி ஒரு கணக்கு வராது. குத்து முழுதாக விழாமல் கடைசிக் கணத்தில் தலையைத் திருப்பத் தெரிய வேண்டும்.

ஆனால் இந்த எண்ணும் ஏமாற்றும். கடைசி மூன்று நாலு ஆண்டுகளில் மட்டும் நிறுத்தங்கள் குவிந்திருந்தால் அது திறமையைப் பற்றிய செய்தி அல்ல, உடம்பு முடிந்துவிட்டது என்ற செய்தி. அப்படிப்பட்டவர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தால் அதை ரசிக்காதீர்கள்.

தோல்வி கூடின எல்லாரும் மறைஞ்சிருக்கிற மாணிக்கமோ?

இல்லை. பெரும்பாலானவர்களின் கணக்கு உண்மையைத்தான் சொல்கிறது. இந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுப் பத்துக்கு எட்டுத் தோற்றவனையெல்லாம் தூக்கிப்பிடிக்க வேண்டாம்.

பிரித்தறிய ஒரு சோதனை இருக்கிறது. நல்லவர்களுக்கு எதிராக என்ன செய்தார்? டார்னெல் பூன் என்ற ஒஹாயோ வீரரின் தோல்விகள் அவருடைய வெற்றிகளின் அளவுக்கு நிற்கின்றன. ஆனால் 2005இல் அன்ட்ரே வோர்ட்டை விழுத்தினார். 2010இல் அடோனிஸ் ஸ்ரீவன்சனை இரண்டாம் சுற்றிலேயே முடித்தார். அதே ஆண்டு சேர்கேய் கொவலெவ்வை எஸ்டி வரை இழுத்தார். மூவரும் பின்னர் உலகச் சம்பியன்கள். இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: கொவலெவ்வும் ஸ்ரீவன்சனும் மறுபோட்டியில் பூனை நொக்கவுட் செய்தார்கள். மேலே போகிறவர்களை அவர்கள் முழுதாக முற்றும் முன்னே பிடிக்கக்கூடியவர், அதுதான் அவருடைய உண்மையான அளவு. நல்லவர்களிடம் ஒரு தடவைகூட இப்படி ஒரு தடயம் இல்லை என்றால் கணக்கை நம்பலாம்.

25க்கு 25 வெண்டவன்?

எதிராளிகளின் நிறக் கட்டங்களைப் பாருங்கள். ஆறும் சிவப்பான ஆட்கள் வரிசையாக வந்தால், ஒரே மண்டபத்தில், முதல் இரண்டு சுற்றில் முடிந்தால், அது ஊதிப் பெருப்பித்த கணக்கு.

நடுவரின்ர தீர்ப்புப் பிழை எண்டு நாங்கள் எப்பிடித் தீர்மானிக்கிறது?

நீங்களே புள்ளி போடுங்கள். கொப்பியில் 12 கோடு. காணொளியின் சத்தத்தை முழுக்க நிறுத்துங்கள், வர்ணனையாளர் ஒருவரை விரும்பிவிட்டால் நீங்களும் அவரைத்தான் பார்ப்பீர்கள். சுற்று முடிந்து மணி அடித்த உடனேயே எழுதுங்கள், அடுத்த சுற்றைப் பார்த்துவிட்டு முந்தையதைத் திருத்தக்கூடாது. வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9. ஒரு தடவை விழுத்தினால் 10-8.

பார்க்க வேண்டியது சுத்தமாக விழுந்த குத்து. கையுறையிலும் முழங்கையிலும் பட்டது கணக்கில்லை. பொதுவாக வரும் பிழை, முன்னுக்கு வந்துகொண்டே இருப்பவருக்குச் சுற்றைக் கொடுப்பது. குத்து விழாமல் முன்னுக்கு வருவதற்குப் புள்ளி இல்லை. மற்றது, சுற்றின் கடைசி 30 செக்கன் மட்டும் நினைவில் நிற்பது. இது அனுபவமுள்ள நடுவரையும் ஏமாற்றும், கெட்டிக்கார வீரர்கள் அந்த 30 செக்கனில் மட்டும் பொழிவது அதற்காகத்தான். உங்கள் கணக்கும் நடுவரின் கணக்கும் ஒரு சுற்று இரண்டு சுற்று வித்தியாசப்பட்டால் அது கருத்து வேறுபாடு. நாலு ஐந்து சுற்று என்றால்தான் "கொள்ளை" என்ற சொல்லை எடுக்கலாம்.

யாழ்ப்பாணத்தில பழகிற என்ர மகன் ஐஞ்சு போட்டியில நாலு தோற்றிட்டான். நிப்பாட்டுறதோ?

எண்ணைப் பார்த்து நிப்பாட்ட வேண்டாம். அமெச்சூரில் ஜோடி சேர்ப்பது சீட்டிழுப்பில். முதல் சுற்றிலேயே இராணுவ அல்லது பொலிஸ் கழகத்தில் முழுநேரம் பழகுகிற ஒருவரோ, பாடசாலைகளுக்கு இடையிலான ஸ்டப்ஸ் கேடயப் போட்டிகளில் பழகிய கொழும்புப் பாடசாலைப் பிள்ளையோ வந்து நிற்கலாம். அவனுக்கு 40 போட்டி, உங்கள் மகனுக்கு 2. அந்தத் தோல்வியில் அளக்க ஒன்றும் இல்லை.

கொப்பி ஒன்று போடுங்கள். திகதி, தராசில் காட்டிய நிறை, எதிராளியின் போட்டி எண்ணிக்கை, சுற்றுச் சுற்றாக யாருக்குப் போனது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டான். நாலைந்து போட்டியில் ஒழுங்கு தெரியும். இங்கிருந்து போகும் பிள்ளைகளுக்கு அடிக்கடி நடப்பது இது: கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். நிறை கூடிவிடும் என்று முதல் நாள் மத்தியானத்தில் இருந்து தண்ணீர் குடிக்காமல், இரவு பஸ்ஸில் முழங்கால் மடக்கி இருந்து, விடிய இறங்கித் தராசில் ஏறுகிறான். நிறை சரி என்றதும் பசியில் கொத்து ரொட்டி. இரண்டு மூன்று மணித்தியாலத்தில் ரிங். முதல் சுற்று நன்றாகப் போகும், இரண்டாவதின் நடுவில் கால் நகராது. கொப்பியில் "1 வெற்றி, 2, 3 தோல்வி" என்று திரும்பத் திரும்ப வந்தால் பிழை பயணத்திலும் தண்ணீரிலும்.

ஒரு நாள் முந்திப் போகச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒரு நிறைப்பிரிவு மேலே ஆடட்டும், வளரும் பிள்ளையைத் தண்ணீர் நிறுத்தி நிறை குறைக்க வைக்க வேண்டாம். தராசு முடிந்ததும் பைக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்த ஜீவனியை (நீரிழப்புக்குக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) சிறிது சிறிதாக, கூடவே வாழைப்பழம், ஜாம் பூசிய பாண். எண்ணெய்ச் சாப்பாடு போட்டி முடிந்த பிறகு. தலையில் பலமான அடி வாங்கியிருந்தாலோ, தலையிடி, வாந்தி, மறதி இருந்தாலோ கொப்பியை மூடிவிட்டு வைத்தியரிடம் போங்கள்.

எதில இருந்து பார்க்கத் தொடங்குறது? நேரடியா எண்டால் எத்தினை மணிக்கு?

மிக்கி வோர்ட், இமானுவேல் பேர்ட்டன் (ஒகஸ்ரஸ்) 2001 முதலில். பிறகு கிளென் ஜோன்சன், றோய் ஜோன்ஸ். மூன்றாவதாக சலிடோ, லோமசெங்கோ, இதை மட்டும் கட்டாயம் கொப்பியோடு.

நேரடியாக என்றால் லாஸ் வேகாஸ் சனி இரவின் முக்கிய போட்டி இலங்கையில் எங்களுக்கு ஞாயிறு காலை 8.30 தொடக்கம் 10 மணிக்குள். லண்டன் சனி இரவு 10 மணி என்பது கோடையில் எங்கள் ஞாயிறு அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 3.30. முக்கிய போட்டிக்கு மட்டும் எழும்பாமல் ஒரு இரண்டு மணித்தியாலம் முந்தி எழும்பினால் ஆறு சுற்றுப் போட்டிகளும் அகப்படும். எதிராளியாகக் கூப்பிடப்பட்டவர் யார் என்று பார்க்க வேண்டியது அங்கேதான்.